சிவப்புப் பாதையில் அடுத்த பள்ளத்தாக்குக்கு: போக ஒன்பது கிலோமீட்டர்

2019 ஜனவரி கடைசிக் கிழமையில் ஆறு நாள் பனிச்சறுக்குக்காக ஆல்ப்ஸ் மலைக்குப் போய் வந்தேன். தனியாகத்தான் போனேன். நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலிலிருந்து தனியாகப் பனிச்சறுக்கப் போவாளா என்று வாயைப் பிளப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். நீலப் பாதையில் ஒழுங்காக இறங்கப் பழகிவிட்டு, சிவப்புப் பாதையின் அறிவிப்பைக் கண்டதும் திரும்பிவிடுகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பிரான்ஸில் சறுக்குப் பாதைகளுக்கு நாலு நிறம். பச்சை, தவழுகிறவர்களுக்கு. நீலம், நடக்கத் தெரிந்தவர்களுக்கு. சிவப்பு, ஓடத் தெரிந்தவர்களுக்கு. கறுப்பு, வேறு வேலையில்லாதவர்களுக்கு.

போனதற்குச் சறுக்கு மட்டும் காரணமில்லை. என் கணவர் பதினொரு குளிர்காலமாக அந்த மலையில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். டிசம்பரில் போவார், ஏப்ரல் கடைசியில் வருவார், கோடையில் பாரிஸில் கிடைக்கிற வேலையைச் செய்வார். இந்த முறை முதலாளி அவரை வருடம் முழுவதும் நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தார். குளிரில் சறுக்க வருகிறவர்களுக்குச் சமையல், கோடையில் நடக்க வருகிறவர்களுக்குச் சமையல், நடுவில் ஐந்து கிழமை லீவு. ஜனவரி கடைசி வெள்ளிக்கு முதல் பதில் சொல்ல வேண்டும் என்று போனில் சொன்னார்.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

"உங்கடை விருப்பம். எனக்கு இஞ்சை ஒரு குறையுமில்லை," என்றேன்.

வாயில் வந்தது அது. மனதில் இருந்தது, கையெழுத்து வைக்காதீர்கள், வீட்டுக்கு வாருங்கள் என்பது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை என்று ஒருத்தி லில்லுக்கும் ஒருத்தன் துலூஸுக்கும் போய்விட்டார்கள். ஐந்து மாதம் தனியாக இருப்பதே எனக்குப் பெரும்பாடு. பன்னிரண்டு மாதமும் என்றால்? இதையெல்லாம் போனில் சொல்ல எங்கள் சனத்துக்கு வராது. ஊரில் சண்டை நடந்த காலத்தில் அங்கிருந்து போன் எடுத்தால் அவர்கள் "நாங்கள் சுகம்" என்பார்கள், நாங்களும் இங்கிருந்து "சுகம்" என்போம். இரண்டும் பொய். ஆனால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நேரே போய், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எனக்குச் சறுக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். 2013இல் ஊழியர் குழு மலிவு விலையில் பனிச்சறுக்குப் பயணம் ஒழுங்குசெய்தது. மேசைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இழுத்த இழுப்பில் போனேன். முதல் நாள் முழுக்க விழுந்தெழும்பினேன். மூன்றாம் நாள் நூறு மீட்டர் விழாமல் வந்தேன், அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. அதன் பிறகு வருடா வருடம் போகிறேன், அவருக்குச் சொல்லாமல். அவர் அங்கே சட்டியோடு மாரடிக்க, நான் இங்கே பனியில் விளையாடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆறு குளிர்காலம் இப்படியே போயிற்று.

பயணத்துக்கு முதல் நாள் கடைக்குப் போனேன். வெறுங்கையோடு போக முடியுமா? பயத்தம் உருண்டை முப்பது, மோர்மிளகாய், வறுத்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ, மட்டன் ரோல் பன்னிரண்டு. கடைக்காரப் பெண் என் பையைப் பார்த்தாள்.

"எங்கையக்கா பயணம், தனியவோ?"

"லூர்துக்கு," என்றேன். சைவக்காரி லூர்து மாதா கோயிலுக்குப் போவதில் லாச்சப்பலில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை, எல்லோரும்தான் போகிறோம். பனிச்சறுக்கு என்றிருந்தால் பின்னேரத்துக்குள் புறநகர் லா கூர்னேவ் வரை கதை போயிருக்கும். அவளோ உள்ளே போய் ஒரு வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தாள். "எனக்கும் கொஞ்சம் தீர்த்தம் கொண்டுவாங்கோ அக்கா, அம்மாக்கு முழங்கால் ஏலாது." வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

சனிக்கிழமை காலை கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து எர்-எர்-டே நகர ரயிலில் கார் து லியோன் ஸ்டேஷன், எட்டு நிமிடம். 7.50க்குத் தேஜேவே வேக ரயில், மூத்தியே ஸ்டேஷனில் 12.25க்கு இறங்கினேன். இரண்டு மாதத்துக்கு முதல் எடுத்ததால் டிக்கெட் 59 யூரோ. ஸ்டேஷன் வாசலிலேயே பஸ்கள் நிற்கும். என் ஊருக்கு 50 நிமிடம், 12 யூரோ. ஊர்களின் பெயரை எழுதப்போவதில்லை, அவருடைய வேலையிடத்தில் ஆராவது வாசித்துத் தொலைத்தால் வில்லங்கம். அந்தப் பக்கத்தில் ஒன்றுக்கொன்று லிஃப்டால் இணைந்த பள்ளத்தாக்குகள் இருக்கின்றன, உங்களுக்கு எது வசதியோ அதில் தங்குங்கள். பதினெட்டுச் சதுர மீட்டரில் ஒற்றை அறை ஸ்டூடியோ, சனி முதல் சனி வரை 340 யூரோ. சறுக்குப் பலகை, சப்பாத்து, கம்பு வாடகை ஆறு நாளுக்கு 98. எல்லாப் பள்ளத்தாக்குகளுக்குமான ஆறு நாள் பாஸ் 300க்குக் கொஞ்சம் மேலே. ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் எடுத்தால் ஐம்பது அறுபது குறையும், ஆனால் என் காரியத்துக்கு அது உதவாது.

ஏன் அவர் இருக்கும் ஊரிலேயே தங்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கே தங்க இரண்டு மடங்கு காசு. அவர் இருப்பது வேலையாட்களுக்கான அறை, மூன்று பேருக்கு ஒன்று. நான் தங்கிய ஊர் மலையின் இந்தப் பக்கம், அவருடையது அந்தப் பக்கம். றோட்டால் போனால் 63 கிலோமீட்டர், மூத்தியேக்கு இறங்கி வேறு பஸ் பிடித்து ஏற வேண்டும், காத்திருப்போடு மூன்று மணித்தியாலம். டாக்சி 160 யூரோ கேட்டார்கள், இந்தா பிடி என்று கொடுக்க நான் என்ன முதலாளியா? சறுக்கிப் போனால் ஒன்பது கிலோமீட்டர், லிஃப்டோடு சேர்த்து ஒன்றரை மணித்தியாலம். இணைந்த சறுக்குப் பகுதியின் அருமை இதுதான். அதன் பொல்லாத்தனத்தை இனிச் சொல்கிறேன்.

என் திட்டம் திங்கட்கிழமை. அன்றுதான் அவருக்கு லீவு. காலையிலேயே போய் இறங்கி, எதிரே போய் நிற்க வேண்டும், அவர் திகைக்க வேண்டும், பிறகு ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும். ஞாயிறு முழுவதும் என் பக்கத்தில் பயிற்சி எடுத்தேன். நீலப் பாதையில் இரண்டு பலகையும் சேர்ந்து திரும்பின. ஒரு சிறிய சிவப்புப் பாதையை மூன்று தடவை இறங்கினேன். நடுத்தர நிலைக்காரர்களுக்கு வேகத்தைவிட முக்கியம் பக்கவாட்டாக வழுக்கி இறங்கத் தெரிவது. செங்குத்தைக் கண்டு பயம் பிடித்தால் பலகையைக் குறுக்கே வைத்து, விளிம்பைக் கொஞ்சம் தளர்த்தி, மெல்ல மெல்லக் கீழே போகலாம். அழகாக இருக்காது. அழகுக்கா போகிறோம்?

திங்கள் காலை எழும்பினால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. காற்று ஊளையிட்டது. கம்பியில் தொங்கிப் போகும் கேபின்களின் நிலையத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில் உச்சிக்குப் போகும் லிஃப்டுக்கு நேரே சிவப்பு விளக்கு. பக்கத்துப் பள்ளத்தாக்குக்கான இணைப்பு நாள் முழுக்கப் பூட்டு என்றாள் அங்கே நின்ற ஊழியப் பெண். பஸ்ஸில் போகலாமா என்று யோசித்தேன். பனியில் றோட்டும் தாமதம் என்றார்கள். வெள்ளி வரைக்கும் நேரம் இருக்கிறதுதானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஸ்டூடியோவுக்குத் திரும்பி நூடில்ஸ் அவித்துத் தின்றேன். அதற்குப் பிறகு பின்னேரம் வரை ஒரு மனிதரோடும் கதைக்கவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் போன் எடுத்தார்.

"என்ன செய்யுறீர்?"

"வீட்டைதான் இருக்கிறன்."

"அங்கை மழையோ?"

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "ஓம், மழை," என்றேன். அவரும் சாப்பிட்டேன் படுத்தேன் என்று ஏதோ சொன்னார். நாலு நிமிடத்தில் வைத்துவிட்டோம். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு மலைதான் இருந்தது, நான் பாரிஸில் இருக்கிற மாதிரிக் கதைத்து முடித்தேன். வெட்கமாக இருந்தது.

செவ்வாய் பனிச்சரிவு ஆபத்தைப் பார்த்துத் துப்புரவாக்கி இணைப்பைத் திறக்கும்போது பகல் ஒன்றரை. அந்த நேரத்தில் போனால் திரும்பி வர முடியாது. புதன் விடிய வானம் கழுவித் துடைத்த கோப்பை மாதிரி இருந்தது. முதுகில் பை, ஐந்தரைக் கிலோ.

9.10க்குக் கேபின், 1,550 மீட்டரிலிருந்து 2,250க்கு ஒன்பது நிமிடம். அங்கிருந்து நீலப் பாதையில் 2.4 கிலோமீட்டர், பிள்ளை விளையாட்டு. பிறகு ஆறு பேர் இருக்கும் கதிரை லிஃப்ட், பன்னிரண்டு நிமிடம். முதுகுப் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டி கதிரையில் கொளுவினால் இறங்கும்போது கதை கந்தல். நான் மடியில் வைத்திருந்தேன், பக்கத்தில் இருந்த நெதர்லாந்துக்காரர் மூக்கை மூக்கை உறிஞ்சினார். மட்டன் ரோல் வாசனை. நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி 2,700 மீட்டர். ஒரு பக்கம் என் ஊர், மறுபக்கம் அவர் ஊர். கீழே தீப்பெட்டி அளவில் கூரைகள். அதில் ஒன்றின் கீழ் மனிசன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் 10.20. பதினொரு மணிக்குள் போய்விடலாம், மதியச் சாப்பாட்டு அவசரம் தொடங்க முதல் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்தச் சிவப்புப் பாதை மூன்றரைக் கிலோமீட்டர். முதல் முந்நூறு மீட்டர் செங்குத்து, காற்று அடித்து அடித்துப் பனியை இறுக்கி வைத்திருந்தது. நாலாவது திருப்பத்தில் பை என்னைப் பின்னுக்கு இழுத்தது. சறுக்கும்போது உடல் பாரம் முன்னுக்கு இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தருவார்கள். முதுகில் ஐந்தரைக் கிலோ பலகாரத்தைக் கட்டிக்கொண்டு சிவப்புப் பாதையில் இறங்காதே என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை, அப்படி ஒருத்தி வருவாள் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். மல்லாக்க விழுந்து ஐம்பது மீட்டர் போனேன். ஒரு பலகை கழன்று மேலேயே நின்றுவிட்டது. எழும்பினால் கை கால் இருக்கிறது, தைரியம் இல்லை. ஒருவர் பலகையைக் கொண்டுவந்து தந்து, சரியா மதாம் என்று கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் நின்று நின்று, பக்கவாட்டாக வழுக்கி வழுக்கி இறங்கினேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் நீலம், அதில்தான் மூச்சு வந்தது. கீழே போய்ச் சேர 12.10.

உணவகத்துக் குசினிக்காரரின் பெண்சாதி மதியம் பன்னிரண்டு பத்துக்கு உணவகத்துக்குப் போய் நிற்கிறாள்! இதைவிட மடத்தனம் உண்டா? மேல்தளம் நிரம்பி வழிந்தது. நான் பின்பக்கம் சுற்றிக் குசினிக் கதவுக்குப் போனேன். திறந்துதான் இருந்தது. உள்ளே புகையும் சத்தமும், மூன்று தமிழர்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை. மூன்று பேருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே தொப்பி, மூன்று பேரும் ஒரே உயரம். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இருபத்தாறு வருடமாக வராது.

"இஞ்சாருங்கோ!" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

மற்ற இரண்டு பேரின் முகத்தில் வந்த ஏமாற்றத்தை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. அவர்களையும் அப்படிக் கூப்பிட ஆட்கள் எங்கேயோ இருக்கிறார்கள். நடுவில் நின்றவர்தான் என்னுடையவர். கரண்டியோடு அப்படியே நின்றார்.

"நீரோ?" என்றார். பிறகு என் தலையில் இருந்த ஹெல்மெட்டையும் காலையும் பார்த்தார். "இதென்ன கோலம்? எப்பிடி வந்தனீர்?"

"சறுக்கி வந்தனான்."

"ஆர், நீரோ?"

"வேறை ஆர்?"

இளையவன் ஒருவன் சிரித்தான். "அண்ணை, அக்கா மலையாலை வந்திருக்கிறா. நீங்கள் இஞ்சை கிழங்கு பொரிக்கிறியள்." உள்ளேயிருந்து பெரிய சமையல்காரர் பிரெஞ்சில் கத்தினார். பன்னிரண்டு மேசைச் சாப்பாடு காத்திருந்தது. "மூண்டு மணிக்கு," என்றார் என்னுடையவர், கரண்டியால் மேலே காட்டி. "மேலை போய் இரும். மூண்டு மணிக்கு வாறன்."

மேல்தளத்தில் ஒரு மூலைக் கதிரையில் இருந்தேன். சறுக்குச் சப்பாத்தோடு மூன்று மணித்தியாலம் இருந்து பார்த்தால்தான் தெரியும் அந்தச் சித்திரவதை. ஒரு கோப்பி 4.80 யூரோ. சுற்றிவர எல்லோரும் சோடி சோடியாக, குடும்பம் குடும்பமாக, வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். எதிர்க் கதிரை காலியோ என்று நாலு பேர் கேட்டார்கள். இல்லை, ஆள் வரும் என்று நாலு பேருக்கும் சொன்னேன். ஒரு மணியளவில் பரிமாறும் பெண் நான் கேட்காத ஒரு சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. வேலையாட்கள் தங்களுக்கென்று சமைத்தது. பக்கத்து மேசை உருகிய சீஸில் பாணைத் தோய்த்துக்கொண்டிருக்க நான் பருப்புச் சோறு தின்றேன். பருப்புக்கு உப்புக் காணாது. அழுகை வந்துவிட்டது, உப்புக்காக இல்லை.

அவர் வந்தபோது 3.10. கடைசிக் கேபின் மேலே ஏறுவது 3.50க்கு. அதைத் தவறவிட்டால் டாக்சிதான். கேபின் நிலையத்துக்கு நடக்கப் பன்னிரண்டு நிமிடம், என் சப்பாத்தோடு இருபது. அவர் என் பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டார், எந்தப் பக்கம் முன்னுக்கு என்று தெரியாமல் தாறுமாறாக.

நடந்துகொண்டே பையைத் திறந்து ரோலைக் கொடுத்தேன். நான் விழுந்ததில் எல்லாம் அப்பளமாக இருந்தன. அப்படியே தின்றார். "நல்லாக் கிடக்கு," என்றார். சமூகப் பாதுகாப்புக் கடுதாசி வந்ததோ என்று கேட்டார். வந்தது என்றேன். மகன் போன் எடுத்தானோ என்றார். எடுத்தான் என்றேன். குளியலறைத் தண்ணீர்க்குழாய் இன்னும் ஒழுகுதோ என்றார். ஒழுகுது என்றேன். எத்தனை வருடம் சறுக்குறீர் என்றார். ஆறு என்றேன். பலகையை மற்றத் தோளுக்கு மாற்றினார். குழாயைப் பற்றிக் கதைக்கவா நான் ஒரு மலையைத் தாண்டி வந்தேன்? எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

நிலையத்து வாசலில் 3.40. இனியும் சொல்லாவிட்டால் ஒருநாளும் சொல்லப்போவதில்லை.

"அந்தக் கடுதாசியிலை கையெழுத்து வைக்காதீங்கோ," என்றேன். "ஏப்ரலிலை வீட்டை வாங்கோ. எனக்கு அங்கை தனிய இருக்க ஏலாமல் கிடக்கு."

அவர் நிலத்தைப் பார்த்தார். "வைச்சிட்டன்," என்றார்.

"எப்ப?"

"திங்கட்கிழமை. லீவெல்லோ. செய்யிறதுக்கும் ஒண்டுமில்லை. ஒஃபீசுக்குப் போய் வைச்சிட்டு வந்தன்."

"வெள்ளிக்கிழமை மட்டும் நேரமிருக்கெண்டு சொன்னனீங்கள்!"

"நீர்தானே ஒரு குறையுமில்லையெண்டு சொன்னனீர். பிறகு ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறது?"

"நான் திங்கட்கிழமை உந்தப் பக்கத்திலை நிண்டனான்," என்று கம்பால் மலையைக் காட்டினேன். "காத்தெண்டு பூட்டிப்போட்டாங்கள்."

அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திங்கள் பின்னேரம் மழையெண்டெல்லோ சொன்னனீர்?"

பொய் சொன்னேன்தான். அவரும்தான் அன்று காலை கையெழுத்து வைத்ததைச் சொல்லாமல், சாப்பிட்டேன் படுத்தேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவர். மதாம், மூடப்போகிறோம் என்று லிஃப்ட்காரர் கூப்பிட்டார். மனிசன் என் பலகைகளைக் கேபின் கதவுக்கு வெளியே இருக்கும் தாங்கியில் குத்தி வைத்தார். பையில் இருந்த மிச்சம் எல்லாவற்றையும் அவர் கையில் திணித்தேன். கதவு பூட்டிக்கொண்டது. எட்டுப் பேர் இருக்கக்கூடிய கேபினில் நான் ஒருத்திதான். பதினைந்து நிமிடம் ஏறுகிறது அது. ஒருவரும் பார்க்கவில்லை என்பதால் வாய்விட்டு அழுதேன். பனிக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழாதீர்கள், உள்ளே நீராவி படிந்து பிறகு பாதை தெரியாது. இது அனுபவம்.

உச்சியில் நாலு மணி. என் பக்கம் முழுவதும் நிழல் விழுந்து, பகலில் சனம் உழுத பனி குவியல் குவியலாக இறுகிக் கிடந்தது. பாதைக் காவலர்கள் கடைசி ஆட்களைக் கீழே அனுப்பிக்கொண்டு வந்தார்கள். பை காலி, முதுகு லேசு. திரும்பும்போது ஒரு தடவையும் விழவில்லை. ஒழுங்காகத் திரும்பித் திரும்பி, சிவப்பையும் நீலத்தையும் ஒரே மூச்சில் இறங்கினேன். இந்த ஆறு வருடத்தில் நான் அவ்வளவு நன்றாகச் சறுக்கியதில்லை. பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

வியாழனும் வெள்ளியும் என் பக்கத்திலேயே சறுக்கினேன். பாஸுக்குக் காசு கட்டியாயிற்று, அழுதுகொண்டு ஸ்டூடியோவில் இருக்க ஏலுமா? சனிக்கிழமை அதே பஸ், அதே ரயில். கடைக்காரப் பெண்ணிடம் போத்தலை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்து, லூர்துக்குப் போகவில்லை, மனிசனைப் பார்க்கப் போனேன் என்று உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அதுவும் நல்லதுதானே அக்கா," என்றாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். பள்ளத்தாக்கு விட்டுப் பள்ளத்தாக்கு போகிற நாளைக் கிழமையின் முதல் நல்ல நாளாக வையுங்கள், காற்று வந்தால் முதலில் பூட்டுவது இணைப்பு லிஃப்டைத்தான். திரும்பும் கடைசி லிஃப்டின் நேரத்தைக் காலையிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள், அதற்கு ஒரு மணித்தியாலம் முதலே புறப்படுங்கள். ஜனவரி கடைசி, பள்ளி விடுமுறைக்கு முதல், எல்லாம் மலிவு, வரிசையும் இல்லை. முதுகில் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். சிவப்புப் பாதையை முதல் தடவை தனியாக இறங்காதீர்கள், கூட்டிக்கொண்டு போக ஒருவரும் இல்லையென்றால் அரைநாள் வகுப்பு எடுங்கள். உணவகத்தில் வேலை செய்கிறவர்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் காலை பத்துக்கு முதல் போங்கள். சொல்ல வேண்டியதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், முடிந்தால் போனிலேயே சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு வருடம். அது எத்தனை வருடமாகப் போகுதோ தெரியாது, அந்தக் கடுதாசியில் முடிகிற திகதி என்று ஒன்று போடவில்லையாம்.

சறுக்கத் தெரியாதவர்களும் மேலே போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். கதிரை லிஃப்டில் எல்லா இடத்திலும் ஏற்ற மாட்டார்கள், கேபினில் ஏற்றுவார்கள். நடந்து வருகிறவர்களுக்குத் தனி டிக்கெட் உண்டு, போய்வர 17 யூரோ. இதை எனக்குச் சொன்னவர் அவர். நான் திரும்பி வந்து இரண்டாம் நாள், திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு, வேலையிடத்தில் இருந்தபோது போன் எடுத்தார். அந்த நேரத்தில் ஒருநாளும் எடுக்காத மனிசன். பயந்துபோய்ப் படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய்க் கதைத்தேன்.

"நான் மேலை நிக்கிறன்," என்றார்.

"எங்கை மேலை?"

"மலை உச்சியிலை. கேபினிலை ஏறி வந்தனான்." பதினொரு குளிர்காலத்தில் அவர் அந்தக் கேபினில் ஏறியது அதுதான் முதல் தடவை. போனுக்குள் காற்று இரைந்தது. குளிரில் நிற்காதீங்கோ, கீழே போங்கோ என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"இஞ்சை நிண்டால் மற்றப் பக்கம் முழுக்கத் தெரியுது," என்றார். "நீர் நிண்ட ஊரும் தெரியுது."

நான் படிக்கட்டிலேயே குந்திவிட்டேன்.

"உம்மைத்தான் காணேல்லை," என்றார்.